வழிப்போக்கர் கண்ட வண்ணம்: ஜிந்துப்பிட்டியும் அதன் அயலும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றுச் சான்றுகளுள் பயணக் குறிப்புகளுக்குத் தனியிடம் உண்டு. அரசாணைகள் ஆள்வோரின் எண்ணத்தைக் கூறுவன. கல்வெட்டுகள் கொடையாளரின் புகழைக் கூறுவன. வணிகக் கணக்குகள் சரக்கின் அளவையும் விலையையும் கூறுவன. ஒரு தெருவில் காலை வேளையில் எந்நிறச் சேலைகள் அசைந்தன, கடைவாயிலில் எம்மலர் தொங்கியது, சுவரில் எப்படம் மாட்டப்பட்டிருந்தது என்பனவற்றை இவை பெரும்பாலும் கூறுவதில்லை. அத்தெருவிலேயே பிறந்து வளர்ந்தோரும் இவற்றை எழுதி வைப்பதில்லை. நாளும் காண்பது எழுதத்தக்கதாக எவர்க்கும் தோன்றுவதில்லை. முதன்முறையாகக் காண்பவனே வியக்கிறான், வியந்தவனே எழுதுகிறான். ஆதலின் அன்றாட வாழ்வின் வண்ணங்களையும் ஆக்கத்திறனையும் அறிய விழையும் வரலாற்று மாணவன் வழிப்போக்கனின் ஏட்டை நாட வேண்டியவனாகிறான்.

அவ்வாறு நாடும்போது இரு வினாக்கள் எழுகின்றன. வழிப்போக்கன் எதனைக் கண்டான் என்பது ஒன்று; எதனைக் காணாது கடந்தான் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குரிய விடை அவனது நூலிலேயே கிடைக்கும். இரண்டாவதற்குரிய விடையை நூலுக்கு வெளியே, அவன் கடந்து சென்ற தெருக்களின் வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும். இவ்விரு வினாக்களையும் கொழும்பின் வடபகுதியிலுள்ள ஜிந்துப்பிட்டியையும் அதன் அயலையும் களமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் காலமும்

ஜிந்துப்பிட்டி கொழும்புத் துறைமுகத்துக்கு அணித்தாய், புறக்கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே அமைந்த பகுதி. இதன் ஒருபுறத்தே பொன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற செட்டியார் தெருவும் அங்குள்ள கதிரேசன் கோயில்களும் உள்ளன. மற்றொருபுறத்தே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலும் புனித அந்தோனியார் தேவாலயமும் உள்ளன. ஜிந்துப்பிட்டியிலேயே முருகன் கோயிலும், ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க காலத்தில் எழுந்த புனித தோமையார் தேவாலயமும் உண்டு. சற்று அப்பால் கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயமும் தீபதுத்தாராம விகாரையும் நிற்கின்றன. நடந்தே சுற்றிவரக்கூடிய இச்சிறு பரப்பினுள் இத்தனை வழிபாட்டிடங்கள் நெருங்கி நிற்பது, எத்துணை வேறுபட்ட மக்கள் இங்கு வந்து குடியேறினர் என்பதைக் காட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இப்பகுதி பெருமாற்றத்துக்குள்ளானது. 1869 ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேயம் வரும் கப்பல்களின் வழி சுருங்கிற்று. 1875 ஆம் ஆண்டு டிசெம்பரில், அப்போது வேல்ஸ் இளவரசராயிருந்த ஏழாம் எட்வேட், கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டினார். அதன்பின் காலித் துறைமுகத்தின் முதன்மையைக் கொழும்பு கைக்கொண்டது. அணை கட்டவும், கப்பற் சரக்கை இறக்கி ஏற்றவும், நிலக்கரி சுமக்கவும், நகரைத் துப்புரவு செய்யவும் தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராக வந்தனர். வணிகரும், நெசவுப் பொருள் விற்போரும், தட்டாரும், தையற்காரரும், சலவைத் தொழிலாளரும், பூக்கட்டுவோரும் உடன் வந்தனர்.

இம்மாற்றத்தின் மற்றொரு விளைவையும் இங்குக் கருதுதல் வேண்டும். கப்பலில் வந்த ஐரோப்பியர், அமெரிக்கர் பலருக்கு ‘இந்தியா’ எனும் கனவுலகின் முதல் தெருவாக அமைந்தது கொழும்பின் தெருவே. இலங்கையையும் இந்தியாவையும் அவர்கள் பெரிதும் பிரித்து நோக்கினாரல்லர். இலங்கைப் பயணத்தையே பெரும்பான்மையாகக் கூறும் தம் நூலுக்கு ஜேர்மானிய அறிஞர் ஒருவர் ‘இந்தியப் பயணக் கடிதங்கள்’ எனப் பொருள்படும் தலைப்பைச் சூட்டியமை இதற்குத் தக்க சான்றாகும்.

இயற்கையாய்க் கண்டவர்

அவ்வறிஞர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கல். ஜேனாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியராக விளங்கியவர், டார்வினின் கூர்ப்புக் கொள்கையை ஜேர்மனியிற் பரப்பியவர், தேர்ந்த ஓவியருமாவார். 1881 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பம்பாயில் இறங்கிய அவர் அம்மாதத்திலேயே கொழும்பை அடைந்து, அடுத்த ஆண்டு மார்ச் வரை இலங்கையிற் தங்கினார். கொழும்பில் அவர் விருந்தினராய் இருந்த இல்லம் களனி ஆற்றின் கழிமுகத்தை அடுத்த முகத்துவாரத்திலிருந்த விஸ்ட் பங்களா. அங்கிருந்து கோட்டைக்குச் சென்று வருவதாயின் கொட்டாஞ்சேனைக் கரையையும் புறக்கோட்டையையும் கடந்தாக வேண்டும். ஆகவே இக்கட்டுரை கூறும் தெருக்களை ஹெக்கல் தம் தங்கலின்போது பன்முறை கண்டவராவார்.

ஓவியரின் கண்ணோடு அவர் இத்தெருக்களைக் கண்டார். செம்மண்ணின் நிறமும், தென்னை வாழைகளின் பசுமையும், மக்களின் பழுப்பு மேனியும், அவர்கள் உடுத்த சிவப்பு வெள்ளை ஆடைகளும் ஒன்றோடொன்று இசைந்து நிற்பதை அவர் போற்றினார். முன்புறம் முற்றும் திறந்த கடைகளில் வணிகமும் வீட்டு வாழ்வும் தெருவின் கண்முன்னேயே நிகழ்வதையும் சுவைபடக் கூறினார். அன்றைய கொழும்பின் தெருக்காட்சியை இத்துணை நுணுக்கமாகத் தீட்டிய நூல்கள் சிலவே.

ஆயினும் அவரது சித்திரத்தின் அமைப்பு நோக்கற்பாலது. மண், மரம், மனிதர், ஆடை ஆகிய அனைத்தும் அங்கு ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன. செம்மண் எவ்வாறு தானே சிவந்ததோ அவ்வாறே சேலையும் தானே சிவந்தது போன்ற மயக்கத்தை அது உண்டாக்குகிறது. சாயமிட்டவர் யார், நெய்தவர் யார், எவ்விலைக்கு யார் விற்றனர் என்ற வினாக்களுக்கு அச்சித்திரத்தில் இடமில்லை. மனித இனங்களை உயர்ந்தன, தாழ்ந்தன எனப் படிநிலைப்படுத்திய அறிஞர், கீழைத்தேய மக்களை இயற்கைக் காட்சியின் ஓர் உறுப்பாகக் கண்டமை வியப்பன்று. தென்னிலங்கையில் வெலிகமவில் அவருக்கு உதவியாயிருந்த, சமூகத்தால் ஒடுக்கப்பட்ட ரொடிய குலத்துச் சிறுவனைக் கிரேக்கப் புராணத்துக் கனிமீட் என்னும் பெயராலேயே அவர் அழைத்தார். அன்போடு செய்த செயலாயினும், ஒருவனது பெயரின்மேல் வேறொரு பெயரைத் தீட்டிய செயல் அது.

நாணிய கண்

பதினான்கு ஆண்டுகளின் பின், 1896 ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவைன் உலகைச் சுற்றிய சொற்பொழிவுப் பயணத்தின்போது கொழும்பில் இறங்கினார். அவர் இங்குத் தங்கியது மிகக் குறுகிய பொழுதே. எனினும் 1897 ஆம் ஆண்டு வெளியான அவரது பயண நூலில் கொழும்பின் ஆடைவண்ணங்கள் பெரும் பரவசத்தோடு பேசப்படுகின்றன. பட்டும் பருத்தியுமாகத் தெருவெங்கும் அசைந்த நிறங்கள், ஒவ்வொருவரும் வெவ்வேறாக உடுத்திருந்தும் ஒன்றோடொன்று முரணாது இசைந்த பாங்கு, துணியைச் சுற்றியணியும் எளிய நேர்த்தி ஆகியன அவரை ஆட்கொண்டன.

அப்பரவசத்தினிடையே ஒரு காட்சி குறுக்கிடுகிறது. மிஷன் பாடசாலையிலிருந்து ஐரோப்பிய உடையணிந்த சுதேசச் சிறுமியர் வரிசையாக வெளிவருகின்றனர். அவ்வுடையின் அழகின்மை அவரைத் துன்புறுத்துகிறது. பின்னர்த் தம் உடையையே நோக்கித் தெருவில் நிற்க நாணியதாக அவர் எழுதுகிறார். நகைச்சுவையாகக் கூறப்படினும் இதில் ஆழ்ந்த உண்மை உண்டு. தம் நாகரிகமே உயர்ந்ததென எண்ணிய காலத்தில், ஒரு மேல்நாட்டவர் தம்மையே காட்சிப் பொருளாக்கி நகைத்த அரிய தருணம் அது. ஹெக்கலின் நூலிற் காணாத தன்விமர்சனம் துவைனின் நூலில் உண்டு.

ஆனால் அவரும் பெயர்களைப் பொருட்படுத்தினாரல்லர். இந்தியாவில் தமக்குப் பணிபுரிந்த மூசா என்பவரை அவர் ‘சாத்தான்’ என்றே பெயரிட்டழைத்தார். வண்ணத்தைப் போற்றிய இருவரும் அதனை அணிந்தோரின் பெயரை மாற்றினர் என்பது தற்செயலான ஒற்றுமையாயினும் பொருளற்றதன்று.

நண்பரின் கைபற்றிக் கண்டவர்

இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் வந்தவர் எட்வேட் காப்பென்டர். ஆங்கிலேயரான இவர் சமவுடைமைக் கருத்துடைய எழுத்தாளர். 1890 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, பின் இந்தியாவுக்குச் சென்று, 1892 ஆம் ஆண்டு தம் பயண நூலை வெளியிட்டார். இவரது நூலில் இந்துக் கோயில் ஒன்றில் நிகழ்ந்த தைப்பூச இரவுவிழாவைப் பற்றித் தனி இயலே உண்டு. அவ்விழாவின் ஒளியும் இசையும் மலரும் அவருக்கு வெறுங் காட்சியாகத் தோன்றவில்லை. ஒவ்வொன்றன் பொருளையும் அறிய அவர் முயன்றார்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பராக வாய்த்த பொன்னம்பலம் அருணாசலமே அவருக்கு இங்கு வழிகாட்டி. அருணாசலத்தின் தந்தையாரான பொன்னம்பல முதலியார் ஜிந்துப்பிட்டிக்கு அயலே கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலை நிறுவியவர். ஆகவே காப்பென்டர் இம்மண்ணின் பண்பாட்டை உள்ளிருந்து விளக்கவல்ல ஒருவரின் துணையோடு கண்டார். வழிப்போக்கன் காண்பது அவனது கண்ணின் கூர்மையை மட்டும் பொறுத்ததன்று. அவனுக்கு விடை கூறுவோர் உளரா என்பதையும் பொறுத்தது என்பதை இவரது நூல் மெய்ப்பிக்கின்றது. எனினும் அவ்விடைகள் கற்றோர் குடியிலிருந்து வந்தவை. பூக்கட்டியவரோ விளக்கேற்றியவரோ நேரே பேசிய குரல்கள் அல்ல என்பதையும் மறத்தலாகாது.

சிவப்பின் வரலாறு

பயணிகள் மூவரும் கேளாத வினாவை இனி எழுப்பலாம். தெருவில் அசைந்த அச்சிவப்பு எங்கிருந்து வந்தது?

ஈழத்தின் வடபுலத்து மணற்பாங்கான நிலங்களில் சாயவேர் என்னும் சிறுசெடி வளரும். அதன் வேரிலிருந்து எடுக்கப்படும் சிவப்புச் சாயம் சோழமண்டலக் கரைத் துணிகளுக்கும் யாழ்ப்பாணத் துணிகளுக்கும் நிறமூட்டியது. ஒல்லாந்தர் ஆட்சியில் மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளின் சாயவேர் அரசின் தனியுரிமைப் பொருளாயிருந்தது. மணலைக் குத்தி வேரைத் தோண்டும் கடும் உழைப்பு சாதியமைப்பில் ஒடுக்கப்பட்டிருந்த மக்களின்மேற் சுமத்தப்பட்டது. வேரைப் பொடித்து, துணியைப் பலகாலும் தோய்த்து, வெயிலில் உலர்த்தி, நிறம் ஏறுமளவும் காத்திருக்கும் சாயக்காரரின் அறிவு தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறியது. கண்ணைப் பறித்த சிவப்பின் பின்னே இத்துணை நீண்ட உழைப்பு நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. 1856 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பேர்க்கின் முதல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். 1868 ஆம் ஆண்டு ஜேர்மனியில் கிறேபே, லீபர்மன் ஆகிய இருவர் அலிசரின் என்னும் சிவப்புச் சாயப்பொருளைச் செயற்கையாக ஆக்கினர். சாயவேரின் சிவப்புக்கு அடிப்படையாயுள்ள பொருளும் இதுவே. 1897 ஆம் ஆண்டு செயற்கை அவுரிநீலம் ஜேர்மானிய ஆலையிலிருந்து சந்தைக்கு வந்தது. ஆலைகளிற் சாயமேற்றிய நூலும் துணியும் கீழைத்தேயத் துறைமுகங்களில் இறங்கின.

ஆகவே ஹெக்கல் 1881 இற் கண்ட சிவப்புச் சேலைகளுள் எது வேரிலிருந்து வந்தது, எது ஆலையிலிருந்து வந்தது என்பதைத் தெருவில் நின்று பிரித்தறிதல் அரிது. கீழைத்தேய இயற்கையின் கொடையென ஜேர்மானியப் பேராசிரியர் வியந்த நிறங்களுள் ஒரு பகுதி அவரது தாய்நாட்டு ஆலைகளிலிருந்தே புறப்பட்டு வந்திருக்கக்கூடும். காலங்காலமாக மாறாத கீழைத்தேயம் என்று வழிப்போக்கர் எண்ணியது உண்மையில் வேகமாக மாறிக்கொண்டிருந்த ஒரு துறைமுக நகரமே.

இதனால் அம்மக்களின் ஆக்கத்திறன் குறைந்ததெனக் கொள்ளுதல் தவறாகும். நிறம் எங்கிருந்து வரினும், எதனோடு எதனைச் சேர்த்து உடுப்பது, எந்நாளில் எதனை அணிவது என்ற தெரிவு அவர்களுடையதாகவே இருந்தது. துவைன் கண்டு மயங்கிய இசைவு எந்த ஆலையிலும் செய்யப்பட்டதன்று. அது உடுத்தவரின் கைத்திறன்.

திரையும் படமும்

இத்தகைய கலப்புப் படைப்பாற்றலை நாடக அரங்கிற் தெளிவாகக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் கொழும்புக்கு வந்தன. அரண்மனை, காடு, தெரு எனக் காட்சிக்கேற்ப வரைந்த திரைச்சீலைகள், பளபளக்கும் உடைகள், ஆர்மோனிய இசை ஆகியன நகரமக்களைக் கவர்ந்தன. தமிழ் நாடகமும் இவற்றை ஏற்றது. சிங்கள மக்களிடையே நூர்த்தி என்னும் புதிய நாடக வடிவமும் இவற்றிலிருந்து கிளைத்தது. ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு இசையமைக்க 1903 ஆம் ஆண்டு விசுவநாத் லௌஜி இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டார். ஜிந்துப்பிட்டியிலும் நாடகக் கொட்டகை இருந்தது. தமிழகத்திலிருந்து வந்த குழுக்கள் கொழும்பு மேடைகளிற் பல இரவுகள் ஆடின. 1920களில் கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் கொழும்பிற் பெற்ற வரவேற்பு தமிழ் நாடக வரலாற்றில் இன்றும் பேசப்படுவதொன்று.

அத்திரைச்சீலைகளில் ஐரோப்பிய முறைப்படி தூரக்காட்சி காட்டப்பட்டது. ஆனால் அவற்றின்முன் நின்றவர் அரிச்சந்திரனும் வள்ளியுமாவர். அச்சிட்ட தெய்வப் படங்களிலும் இதே இணைப்பைக் காணலாம். 1894 ஆம் ஆண்டு பம்பாயில் ஓவியர் இரவிவர்மா நிறுவிய அச்சகம் ஜேர்மானியத் தொழில்நுட்பத்தின் துணையோடு இலக்குமியையும் சரசுவதியையும் வண்ணப் படங்களாக அச்சிட்டது. அரண்மனைச் சுவருக்குரிய எண்ணெய் வண்ண ஓவியம் இதனாற் சாதாரண இல்லத்தின் சுவருக்கும் வந்தது. பிற்காலத்திற் சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிகள் இப்பணியைத் தொடர்ந்தன. ஒரு சிறு கடையில் இப்படத்துக்கு மல்லிகைச் சரம் சாத்தி, மாலையில் விளக்கேற்றிய கடைக்காரர், எங்கோ அச்சிட்ட தாளைத் தம் வழிபாட்டுக்குரியதாக்கிக் கொண்டார். அன்றாட ஆக்கத்திறன் என்பதன் தன்மை இதுவே.

வண்ணமும் உரிமையும்

வழிப்போக்கர் வண்ணத்தில் இன்பத்தை மட்டுமே கண்டனர். அங்கு வாழ்ந்தோர்க்கோ அது உரிமையின் அடையாளமுமாயிருந்தது. ஹெக்கல் நாடு திரும்பி ஓராண்டு நிறைந்த சிறிது காலத்துள், 1883 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்றை முன்னிட்டுக் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்குமிடையே கலவரம் மூண்டது. எவர் எந்நாளில் எத்தெருவிற் பறைமுழக்கி விழாக்கோலத்தோடு செல்லலாம் என்பதே அங்கெழுந்த வினா. இக்கலவரத்தைத் தொடர்ந்து தோன்றிய பௌத்த பாதுகாப்பு இயக்கத்தின் முயற்சியால் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் ஆகிய நிறங்களைக் கொண்ட பௌத்தக் கொடி உருவாயிற்று. 1885 ஆம் ஆண்டு ஏப்பிரல் 28 ஆந் திகதி வெசாக் நாளில் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராம விகாரையில் மீகெட்டுவத்தை குணானந்த தேரர் அதனை ஏற்றினார். பின்னர் உலகப் பௌத்தரின் கொடியாக அது வளர்ந்தது.

தமிழரிடையே செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிவரை செல்லும் ஆடிவேல் ஊர்வலமும் இத்தகையதே. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வளர்த்த இவ்விழாவில் அலங்கரித்த தேர் நகரின் நடுவே செல்வது வழிபாடாவதோடு, இந்நகரில் எமக்கும் இடமுண்டு என்ற அறிவிப்புமாகும். 1983 ஆம் ஆண்டு இனவன்செயலின் பின் அவ்வூர்வலம் சில ஆண்டுகள் நின்றிருந்தமை, தெருவில் வண்ணத்தோடு செல்லும் உரிமை எத்துணை எளிதிற் பறிபோகும் என்பதை உணர்த்தியது.

ஆனந்த குமாரசுவாமியும் ஒரு விடுபாடும்

கைவினைஞரை முதன்மைப்படுத்தி எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. 1877 ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்று, நிலவியலாளராகத் திரும்பியவர். ஒருவகையில் அவரும் தாய்நாட்டுக்கு வந்த வழிப்போக்கரே. 1905 ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு பிரசுரமொன்றில், ஐரோப்பிய உடையை அணியும் சுதேச வழக்கத்தை அவர் கண்டித்தார். துவைன் நாணிய இடத்திற் குமாரசுவாமி சீற்றங் கொண்டார். 1908 ஆம் ஆண்டு வெளியான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் சாயம், நெசவு, ஓவியம், உலோகவேலை ஆகியவற்றின் செய்முறைகளைக் கைவினைஞரிடமே கேட்டறிந்து பதிவு செய்தார். எது அழகு என்ற வினாவிலிருந்து யார் செய்தார், எவ்வாறு செய்தார் என்ற வினாவுக்கு ஆய்வை நகர்த்தியமை அவரது அரும்பணி.

ஆயினும் அவரது நோக்கிலும் ஒரு விடுபாடு உண்டு. கண்டிச் சீமையின் பழங் கிராமங்களே அவரது இலட்சிய உலகம். செயற்கைச் சாயமும் ஆலைத்துணியும் அச்சுப்படமும் அவருக்குச் சீரழிவின் அறிகுறிகள். அவரது மைத்துனர் முறையினரான சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை தம் தந்தையார் நிறுவிய கொச்சிக்கடைக் கோயிலைக் கருங்கல்லிற் புதுக்கிக்கொண்டிருந்தார். அக்கோயிலைச் சூழ்ந்த தெருக்களில், கிடைத்த நூலையும் வந்த சாயத்தையும் கொண்டு வாழ்வை அழகுபடுத்திய துறைமுக நகரத் தொழிலாளி குமாரசுவாமியின் பேரேட்டில் இடம்பெறவில்லை. கல்லிற் கோயில் எழுப்பிய பெருமகனின் பெயரை நாடறியும். கல்லைச் செதுக்கிய சிற்பியரின் பெயரை அறிந்தோர் அரியர்.

பெயரற்றோரின் கணக்கு

பெயர் எழுதப்படாமை வெறும் இலக்கியக் குறைபாடன்று என்பதைப் பின்வந்த வரலாறு காட்டியது. காப்பென்டரின் நண்பர் அருணாசலமே 1901 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர். அடுத்துவந்த 1911 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு நிரல்கள் தனித்தனியே வகுக்கப்பட்டன. ஒரே கோயிலில் ஒரே மாலையை வாங்கிச் சாத்திய அயலவர் இருவர் ஏட்டில் இருவேறு நிரல்களிற் சேர்ந்தனர். அருணாசலம் 1919 ஆம் ஆண்டு தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்து இந்தியத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

சுதந்திரத்தின் பின் அந்நிரலின் பொருள் கடுமையாயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை அல்லது தந்தைவழி முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949 ஆம் ஆண்டுச் சட்டம் 1946 சனவரி 1 ஆந் திகதிக்கு முன் மணமானோர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதோர் பத்து ஆண்டுகளும் இடையறாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. மலையகத் தோட்டங்களைப் போலவே கொழும்பின் துறைமுகத் தெருக்களிலும் பலர் நாடற்றோராயினர். 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974 ஆம் ஆண்டு சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இப்பிரச்சினைக்கு இறுதித் தீர்வாக அமைந்த சட்டம் 2003 ஆம் ஆண்டே நிறைவேறியது.

அலுவலகத்தின் முன் சான்று தேடி நின்ற அத்தொழிலாளியின் பாட்டனார் ஒருவேளை ஹெக்கலின் நூலிலோ துவைனின் நூலிலோ இருக்கலாம். சிவப்புத் தலைப்பாகையாக, மஞ்சட் சால்வையாக அவர் அங்கு இருப்பார். தலைப்பாகைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. வண்ணத்தை எழுதியவர் பெயரை எழுதவில்லை. பெயரைக் கேட்ட சட்டம் வண்ணத்தைச் சான்றாக ஏற்கவில்லை. சில நாட்கள் வந்து தங்கியவரின் சொல் இந்நகரின் வரலாற்றுச் சான்றாயிற்று. தலைமுறை தலைமுறையாக இங்கிருந்து அதனை ஆக்கியவரோ வழிப்போக்கர் எனப்பட்டனர். இம்முரணே இக்கட்டுரையின் முடிபாகும்.

இதனாற் பயணக் குறிப்புகள் பயனற்றன என்பது கருத்தன்று. அவையின்றி அத்தெருக்களின் காட்சியை இன்று அறிவதற்கு வழியில்லை. அவற்றைத் தனித்து வாசியாது, கோயிற் கணக்கேடுகள், வணிகக் குறிப்பேடுகள், நாடக விளம்பரங்கள், நீதிமன்றப் பதிவுகள், முதியோரின் வாய்மொழி ஆகியவற்றோடு ஒப்பிட்டு வாசித்தல் வேண்டும். முன்னையன நூலகங்களிற் காத்திருக்கும், வாய்மொழி காத்திராது. ஜிந்துப்பிட்டியில் இன்றும் மாலை கட்டும் கைகளுக்கும், பட்டறையிற் பொன் உருக்கும் கைகளுக்கும், விழாநாளில் தேரை அலங்கரிக்கும் கைகளுக்கும் உரியோர் பெயருடையவர். அப்பெயர்களை அவர்களது விருப்போடு கேட்டெழுதும் பணி எஞ்சியிருக்கிறது. கப்பலில் வந்தவர் ஒரு பகலில் இத்துணை கண்டாராயின், அத்தெருவுக்குப் பேருந்திற் சென்றடையக்கூடிய தொலைவிற் கற்கும் மாணவர் காணவேண்டியது மிகுதி. முதல் வினாவாக அவர்கள் கேட்கத்தக்கது ‘இது என்ன நிறம்’ என்பதன்று. ‘இதனைச் செய்தவர் யார்’ என்பதே.